இசக்கிராஜாவின் தரைத்தளம்

கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகள் சிங்கப்பூருக்கு வந்தால் முதல் வாரம் ஒருத்தரும் தரையைப் பார்த்து நடப்பதில்லை. எல்லாரும் அண்ணாந்துதான் நடப்பார்கள். இசக்கிராஜா வந்த மூன்றாம் நாளே கழுத்துச் சுளுக்கோடு ஆபீசுக்கு வந்து சேர்ந்தான். குட்மார்னிங் சொல்வதற்குக்கூட உடம்போடு சேர்த்துத்தான் திரும்பினான். ஆபீஸ் பூராவும் தைல வாசனை.

எங்கள் ஆபீஸ் தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்கா பக்கம், ஒரு பழைய கடைவீட்டின் மேல்மாடியில் இருக்கிறது. நடத்துகிறவர் குணவதி மேடம். இந்த ஊரிலேயே பிறந்து, அடுக்குமாடி வரைந்தே தலை நரைத்தவர். கையில் எப்போதும் ஒரு அளவுகோல் இருக்கும். அளப்பதற்குக் கொஞ்சம், முதுகு சொறிவதற்கு நிறைய.

நான் அங்கே கட்டடங்களுக்கு அட்டையில் மாடல் ஒட்டுகிறவள். வரைகிறவர்கள் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் மனசை மாற்றிக்கொள்வார்கள். நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிய்த்து மறுபடி ஒட்டவேண்டும். அதனால் எனக்குக் கட்டடக் கலைஞர்கள்மேல் பெரிய மரியாதை கிடையாது. முதலிலேயே சொல்லிவிட்டேன், பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது.

இசக்கிராஜா வள்ளியூர்ப் பக்கத்துப் பையன். கடைசி வருஷம். ஐம்பது மாடிக் குடியிருப்பு ஒன்றை வடிவமைத்துக் கல்லூரிக்குக் கொடுக்கவேண்டும். அதற்கு வெளி வழிகாட்டி எங்கள் மேடம். மேடம் சரி என்றால் பட்டம். இல்லை என்றால் இன்னொரு வருஷம்.

இதில் இன்னொரு வில்லங்கமும் இருந்தது. ஆவணியில் அவன் தங்கைக்குக் கல்யாணம். பத்திரிகை அடித்தாகிவிட்டது. மணமகளின் அண்ணன் பெயருக்குப் பின்னால் பி.ஆர்க் என்று அவன் அப்பா கொட்டை எழுத்தில் போட்டுவிட்டார்.

"பாஸ் ஆகலைன்னா என்ன பண்ணுவ?" என்று கேட்டேன்.

"மண்டபத்துக்குப் போகமாட்டேன் அக்கா. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போறது?" என்றான்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

மேடத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. மாணவனின் வேலை பிடிக்கவில்லை என்றால் கல்லூரி வீடியோவில் நடத்துகிற தேர்வு அன்றைக்குக் கேமராவை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். திட்டக்கூட மாட்டார். மாணவனுக்காக வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசினார் என்றால் அவன் தேறிவிட்டான் என்று அர்த்தம். இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். இசக்கிக்கும் நான்தான் சொன்னேன்.

முதல் மாசம் அவன் ஐம்பது மாடியையும் வரைந்தான். நான் ஒட்டினேன். என் இடுப்பு உயரத்துக்கு நின்றது. மேடம் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"மேடம், ஒரு சந்தேகம். இந்த ஊர்ல ஆளுமேல ஆளா அடுக்கி வச்சிருக்கு. எங்க ஊர்ல ரெண்டு வீட்டுக்கு நடுவுல ஒரு முருங்கை மரம் நின்னாலே வெட்டுக்குத்து ஆயிரும். இங்க எப்படி மேடம் வெடிக்காம கெடக்கு?"

"சாப்பிட்டியா?"

"இன்னும் இல்ல மேடம்."

"போய்ச் சாப்பிடு. வெறும் வயித்துல கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்றதில்ல."

அவன் சாப்பிட்டுவிட்டு வந்தான். மேடம் தூங்கிவிட்டார். 

மறுநாள் மேடம் அளவுகோலால் மாடலின் அடியைத் தட்டினார். இந்த ஊர் அடுக்குமாடிகளில் பெரும்பாலும் தரைத்தளத்தில் வீடு இருக்காது. வெறும் தூண்களும் காற்றும்தான். இசக்கி அங்கேயும் வீடுகளை நிரப்பியிருந்தான்.

"கீழ என்ன?"

"பன்னெண்டு வீடு மேடம்!" என்றான் பெருமையாக. "நம்ம பிளாக்குல பாத்தேன். கீழ அவ்வளவு இடமும் சும்மா கெடக்கு. ஒரு பூனை படுத்திருக்கு. நிலம் விக்கிற விலைக்குப் பூனைக்கா மேடம் இவ்வளவு இடம்?"

"ம்."

"சரிதானே மேடம்?"

"சனிக்கிழமை எங்கயும் போகாதே. வீட்டுலயே இரு."

இசக்கி தங்கியிருந்ததும் தோ பாயோ வட்டாரத்தில் மேடம் குடியிருந்த அதே பிளாக்கில்தான். பதினோராம் மாடியில் ஓர் அறை. சனிக்கிழமை காலையில் கீழேயிருந்து மேளச் சத்தம் கேட்டு ஓடி இறங்கினான். மலாய்க்காரர் வீட்டுக் கல்யாணம். நேற்றுவரை பூனை படுத்திருந்த இடத்தில் பொண்ணு மாப்பிள்ளைக்குச் சிங்காரித்த மேடை. நீளமான கம்புகளில் ஜிகினாக் காகிதப் பூ. வட்ட மேசைகள், பிரியாணி. யார் எவர் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கையைப் பிடித்து உட்காரவைத்தார்கள். இசக்கி இரண்டு தடவை சாப்பிட்டான். மூன்றாவது தடவை கேட்கக் கூச்சப்பட்டுப் பாயசத்தோடு எழுந்துவிட்டானாம்.

திங்கட்கிழமை அவன் தரைத்தளத்தை மாற்றிக்கொண்டு வந்தான். ஒன்பது வீடு, ஒரு கல்யாண மண்டபம்.

"புரிஞ்சிருச்சு மேடம்!" என்றான்.

மேடம் முதுகைச் சொறிந்துகொண்டே போய்விட்டார். நான் மூன்று வீட்டைப் பிய்த்து மண்டபத்தை ஒட்டினேன். மண்டபத்துக்கு வாழைமரம் வைக்கச் சொன்னான். போடா என்றேன்.

அதற்கு அடுத்த வாரம்தான் அந்தக் கூத்து நடந்தது.

வேலை முடிந்து இசக்கி பிளாக்குக்குத் திரும்பியபோது கீழே மறுபடியும் விளக்கு, திரைச்சீலை, வட்ட மேசைகள். மேசைமேல் வேர்க்கடலை, மிட்டாய், டப்பா டப்பாவாக ஜூஸ். நாலைந்து பேர் ஒரே மாதிரி வெள்ளைப் பனியன் போட்டுக்கொண்டு ஓடியாடி வேலை பார்த்தார்கள். எங்கள் பையனுக்குச் சந்தேகமே வரவில்லை. அவன் ஊரில் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் ஒரே மாதிரி பனியன் அடித்துப் போட்டுக்கொள்வார்களாம். சீன வீட்டுக் கல்யாணம் என்று முடிவு கட்டிவிட்டான்.

கைகால் கழுவி, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டி, சென்ட் அடித்துக்கொண்டு இறங்கினான். முகப்பில் நின்ற வெள்ளைப் பனியன்காரர் கையைப் பிடித்துக் குலுக்கி, "கங்கிராஜுலேஷன்ஸ்!" என்றான்.

அவர் இரண்டு நாளாகத் தூங்காத மனிதர். அரைகுறையாகத் தலையாட்டி, நாற்காலியைக் காட்டினார்.

இவன் விடவில்லை. "மாப்பிள்ளை எங்க சார்? ஒரு போட்டோ எடுத்துக்கிடலாமா?" என்று இங்கிலீஷில் கேட்டிருக்கிறான்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. யாரையோ பார்க்கவேண்டும் என்கிறான், வேறு யாரைக் கேட்கப்போகிறான் என்று நினைத்து, திரைச்சீலைக்கு உள்ளே கை காட்டினார்.

இசக்கி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தான்.

உள்ளே ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. பூக்களுக்கு நடுவில் ஒரு பெரிய போட்டோ. அதற்குப் பின்னால் பெட்டி.

போட்டோவில் இருந்தவரை அவனுக்குத் தெரியும். லிஃப்ட் தாத்தா. தினமும் காலையில் லிஃப்டில் கூட வருவார். அவருக்குத் தமிழில் ஒரே ஒரு வார்த்தை தெரியும். இவனைப் பார்த்ததும், "சாப்பிட்டாச்சா?" என்பார். இவன், "சாப்பிட்டாச்சு தாத்தா" என்பான். அத்தோடு லிஃப்ட் கீழே வந்துவிடும். அவர் பெயர் லிம் என்பதையே அன்றைக்கு அந்தப் போட்டோவின் கீழே பார்த்துத்தான் தெரிந்துகொண்டான்.

 போனைப் பைக்குள் போட்டுவிட்டு, செருப்பைக் கழற்றினான். யாரும் கழற்றச் சொல்லவில்லை. பிறகு கையெடுத்துக் கும்பிட்டான். இருட்டோடு இருட்டாக ஓடிவிடலாம் என்று வெளியே வந்தால், முகப்பில் நின்ற அந்த வெள்ளைப் பனியன்காரர், தாத்தாவின் மகன், இவனுக்காக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நிற்கிறார். மேசையில் இடமே இல்லை. ஏற்கெனவே இருந்தவர்கள் நெருக்கி உட்கார்ந்து வழிவிட்டார்கள்.

அந்த மேசையில் குணவதி மேடம் இருந்தார். மற்றவர்களோடு சேர்ந்து தங்கநிறத் தாள்களை மடித்துக்கொண்டிருந்தார். செத்தவருக்காக எரிக்கிற தாள்.

"மேடம்," என்றான். 

மேடம் ஒரு கட்டுத் தாளை அவன் பக்கம் தள்ளினார்.

"நான் போய் அவருகிட்ட கங்கிராஜுலேஷன்ஸ் சொல்லிட்டேன் மேடம்."

"கேட்டுது."

"செருப்பால அடிச்சிருக்கணும் என்னை."

"தாள மடி. மூலையோட மூலை சேரணும்."

அவன் மடித்தான். கொஞ்ச நேரம் கழித்து அழுதான். பெயர்கூடக் கேட்காமல் இத்தனை நாள் ஒரு மனிதரோடு லிஃப்டில் இறங்கியிருக்கிறோமே என்று நினைத்தானாம். பக்கத்தில் இருந்த சீனத்து அம்மா ஒருவர் கடலைத் தட்டை அவன் முன்னால் நகர்த்தி வைத்தார்.

"மேடம், அன்னைக்குக் கல்யாணத்துல மாப்பிள்ளை உக்காந்திருந்தது இங்கதானே?"

"ஆமா."

"பெட்டி இருக்கிற அதே இடமா?"

"அதே இடம்தான்."

அவன் அடுத்த தாளை எடுத்து மடித்தான். கதை இங்கேயே முடிந்திருந்தால் என் விரல்கள் பிழைத்திருக்கும். ஆனால் இவன் கட்டடக்கலை படிக்கிற பையன் அல்லவா? மனசில் பட்டதை உடனே வரையாவிட்டால் அவர்களுக்குச் சோறு செரிக்காது.

அடுத்த வாரம் தரைத்தளத்தில் ஒரு வீடுகூட இல்லை. நல்லது என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால், தரை முழுக்கத் தடுப்பு. இடது பக்கம் மகிழ்ச்சிப் பகுதி. வலது பக்கம் துயரப் பகுதி. நடுவில் ஒலி புகாத சுவர். ஒரு பக்கம் சதுரங்கம் ஆடுவோர் பகுதி, இன்னொரு பக்கம் குழந்தைகள் பகுதி. மகிழ்ச்சிப் பகுதியில் மேடை, துயரப் பகுதியில் பெட்டி வைக்கத் திண்டு. அத்தனையையும் நான் தக்கையில் செதுக்கினேன். நகத்துக்குள் எல்லாம் பசை.

மேடம் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"இந்தச் சுவர் எதுக்கு?"

"ஒரே நாள்ல கல்யாணமும் சாவும் வந்துட்டா, மேடம்? சங்கடம்லா?"

"யாருக்கு?"

"ரெண்டு பேருக்கும்தான்."

"எங்க பிளாக்குல ஒரு தடவை வந்துச்சு. மேளம் அடிக்க வந்த பசங்க அந்தப் பக்கம் போறப்ப அடிக்காம நடந்தாங்க. திரும்பி வந்ததும் அடிச்சாங்க. சுவர் யாரும் கேக்கல."

இசக்கி தலையைச் சொறிந்தான்.

"அது போகட்டும். பூனை எங்க படுக்கும்?"

நான் அப்போதே மேடத்தின் வாயைப் பொத்தியிருக்கவேண்டும். மறுநாள் காலையில் இந்தப் புண்ணியவான் பூனைப் பகுதி வரைந்துகொண்டு வந்தான். சின்னத் தடுப்பு, மேலே கூரை, பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி.

"பூனை இங்கதான் படுக்கும்னு பூனைகிட்ட யாரு சொல்றது, நானா?" என்று கத்தினேன். "உன் தங்கச்சி கல்யாணத்துக்கு நானே வந்து, பொண்ணோட அண்ணன் பூனைக்கு வீடு கட்டிக்கிட்டு இருக்கான், அதான் வரலன்னு மைக்ல சொல்றேன்!"

"அக்கா, மேடம்தானே கேட்டாங்க!"

தேர்வுக்கு நாள் நெருங்கிவிட்டது. அவன் முகத்தில் சோறு தண்ணி இல்லாத களைப்பு. சாயங்காலம் ஊரிலிருந்து அப்பா போன் பண்ணினார். பத்திரிகை ஊர் பூராவும் கொடுத்தாகிவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னார். இவன் போனை வைத்துவிட்டு மாடல்முன்னால் போய் நின்றான். மேடம் பக்கத்தில் வந்து நின்றார்.

"மேடம், இன்னும் என்ன சேக்கணும்? சொல்லுங்க, சேத்துருதேன். எனக்குப் புரியலை மேடம்."

மேடம் அளவுகோலின் நுனியைத் துயரப் பகுதியில் வைத்தார்.

"இங்க எத்தனை நாற்காலி?"

"நாப்பது. கணக்குப் போட்டுத்தான் வச்சேன் மேடம். இடம் கச்சிதமா இருக்கு. ஒரு இஞ்சு வீண் இல்ல."

"நாப்பதும் நிறைஞ்சிருச்சு. அப்ப ஒருத்தன் சென்ட் அடிச்சிக்கிட்டு, கல்யாணம்னு நினைச்சுக்கிட்டு வாரான். அவன எங்க உக்காரவைப்ப?"

இசக்கி திண்டைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான். 

"இதுல அவனுக்கு இடம் இல்ல மேடம்," என்றான்.

"ம்."

மேடம் கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

இசக்கி என் மேசையிலிருந்து பிளேடை எடுத்தான். முதலில் ஒலி புகாத சுவரை அறுத்தான். அப்புறம் திண்டு, மேடை, சதுரங்கம், குழந்தைகள். பூனை வீட்டைப் பிய்க்கும்போது மட்டும் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். என் பல நாள் உழைப்பு குப்பைக்கூடைக்குள் போனது. வயிறு எரிந்தது. ஆனாலும் நானும் உட்கார்ந்து தரையில் மிச்சமிருந்த பசையைச் சுரண்டிக்கொடுத்தேன். தூண்கள் மட்டும் நின்றன. அந்தப் பக்கம் இருந்த ஆபீஸ் ஜன்னல் இந்தப் பக்கத்திலிருந்து தெரிந்தது.

மேடம் மறுநாள் வந்து பார்த்தார். நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. இசக்கிக்கு உயிரே இல்லை.

"அக்கா, கேமராவை அணைச்சிருவாங்களோ?"

"எனக்கு என்னடா தெரியும்? சாமி கும்பிட்டுக்க."

தேர்வு அன்றைக்கு அவன் மாடல் பக்கத்தில் விறைப்பாக நின்றான். நான் லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டு மாடி மாடியாகக் காட்டினேன். மேடம் தன் அறையிலிருந்து வேறு கணினியில் சேர்ந்துகொண்டார். திரையின் மூலையில் அவர் முகம் சின்னதாகத் தெரிந்தது. நடுவில் கல்லூரியின் தேர்வாளர். பெரிய மீசை, தலைக்குமேல் கடகடவென்று ஃபேன்.

ஐம்பதாம் மாடியிலிருந்து ஆரம்பித்துக் கீழே இறங்கினோம். காற்றோட்டம் கேட்டார், லிஃப்ட் கேட்டார், தீப்பிடித்தால் எப்படி இறங்குவது என்று கேட்டார். இசக்கி மடமடவென்று பதில் சொன்னான். மீசைக்காரருக்குத் திருப்தி போலத்தான் இருந்தது. தரைக்கு வந்ததும் நிறுத்தினார்.

"கேமராவைக் கிட்டக் கொண்டு போம்மா. என்னப்பா இது, ஒண்ணையும் காணோம்? ஒட்டினது விழுந்துடுச்சா?"

நான் ஒட்டினது விழுமா? நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"இல்ல சார். காலியாத்தான் விட்டிருக்கேன்."

"ஒரு தளம் முழுக்கவா?"

"ஆமா சார்."

"ஐம்பது மாடி கட்டத் தெரிஞ்சவனுக்கு இவ்வளவு பெரிய இடத்துல என்ன வைக்கிறதுன்னு தெரியலையா? இது வடிவமைப்பே இல்லையே. அரைகுறை வேலை. சரி, யாருக்காக விட்டிருக்க? அதையாவது சொல்லு."

இசக்கி வாயைத் திறந்தான்.  கல்யாணம் என்று சொல்லப் போகிறான், சாவு என்று சொல்லப் போகிறான், கடவுளே, பூனை என்று சொல்லிவிடாதே என்று நான் வேண்டிக்கொண்டேன்.

"தெரியாது சார்," என்றான்.

"தெரியாதா?"

"யார் வருவாங்கன்னு எனக்குத் தெரியாது சார்."

மீசைக்காரர் பேனாவைத் திறந்தார். இசக்கி கண்ணை மூடிக்கொண்டான். நான் திரையின் மூலையைப் பார்த்தேன். கேமரா அணையவில்லை. மேடம் முதுகு சொறிந்துகொண்டிருந்த அளவுகோலைக் கீழே வைத்தார். மைக்கை ஆன் பண்ணினார்.

"அது தெரிஞ்சிருந்தா அங்கயும் ஒரு சுவர் கட்டியிருப்பான் சார்."